முன்வாசல் சாய்தளம்

எருமப்பட்டி
5.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தனப்பிரியா எழுதுவது. அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம். பண்ணையில் கோழிகளும் சுகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது புழுதிக்கு மூக்கில் துணி கட்டுகிறாயா? போன தடவை வந்தபோது நீ இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் கேம்ப்பில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் அம்மா, "ஸ்பீக்கர்ல போடு அம்மிணி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் பேச நினைத்ததையெல்லாம் அவளே பேசி முடித்துவிடுகிறாள். திருச்செங்கோட்டில் உன் ரிக் ஆபீசுக்குத் தபாலில் போட்டால், சாமான் ஏற்றி வரும் லாரியில் உனக்குக் கொடுத்துவிடுவார்களாம். பதில் எழுதினால் வீட்டுக்குப் போடாதே. முட்டை மண்டி முகவரிக்குப் போடு.

முட்டை மண்டியா என்று திகைக்காதே. நான் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளை, மண்டிக்காரர் ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டார். வர முடிந்ததால்தான் சொன்னார். முன்வாசலில் சாய்தளம் கட்டி முடிந்துவிட்டது.

ஸ்கூட்டர் ஜல்லியில் சறுக்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடமும் நான் வெளியே போக வேண்டுமென்றால் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் வந்து தூக்க வேண்டும். நீ வாங்கிக் கொடுத்த பேட்டரிச் சக்கர நாற்காலி வண்டி ஹாலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமை நானே கதவைத் திறந்து, நானே இறங்கி, ரோட்டுக்குப் போனேன். யாரிடமும் "போகட்டுமா" என்று கேட்கவில்லை. மேஸ்திரி காத்தான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "சறுக்கு நல்லா இருக்குதுங்களா அம்மிணி?" என்றார். ஊரே அதைச் சறுக்கு என்றுதான் சொல்கிறது. என்ன பெயர் வைத்தால் என்ன?

அம்மாவுக்குத்தான் முகம் சரியில்லை. "தெருவெல்லாம் தனியா சுத்துனா என்ன பேசுவாங்க?" என்கிறாள். பேசட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தனப்பிரியா


கேம்ப், சத்தீஸ்கர்
2.3.2024

அன்பு அம்மிணிக்கு,

அண்ணன் சபரிநாதன். நான் நல்லபடி இருக்கிறேன். இருமல் இல்லை. லாரி டிரைவர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன். படித்ததும் சந்தோஷம். வண்டியில் ரோட்டோரமாகவே போ. முட்டை வண்டிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள்.

இங்கே பாறைதான். துளை போடும் பிட் தேய்ந்து தேய்ந்து போகிறது. ஐநூறு அடி போனாலும் தண்ணீர் வராத இடத்தில் விவசாயி நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அம்மா எனக்கு மும்முரமாகப் பெண் தேடுகிறாள் போல. வெண்ணந்தூரில் ஒரு இடம் சொன்னாள். பெண்ணின் பெயர் மதுமதி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். பார்ப்போம்.

சாய்தளம் ரொம்ப நீளமா? ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறதா? சும்மாதான் கேட்டேன்.

அம்மாவிடம் கொஞ்சம் அனுசரித்துப் போ சாமி.

உன் அண்ணன்,
சபரி


எருமப்பட்டி
20.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பண்ணைக் கூரைக்குத் தண்ணீர் தெளிக்க ஆத்தாயி அக்கா நாள் முழுவதும் பைப்பும் கையுமாக நிற்கிறார்கள். அங்கே எப்படி?

தெரிகிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிற வாசலுக்கு மெதுவாக ஏற வேண்டுமானால் நீளமாகத்தான் இருக்கும். பாதி வழியில் திரும்பி, வேப்பமரத்தைச் சுற்றி வருகிறது. மங்கலான வெளிச்சத்திலும் விளிம்பு தெரிய வேண்டும் என்று மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏன் கேட்டாய்?

உனக்குப் பெண் அமையட்டும். எனக்கு அதில் உன்னைவிட அவசரம். ஆனால் அம்மா நேற்று ஒரு வார்த்தை சொன்னாள். "அவங்க வர்ற அன்னிக்கு நீ நாமக்கல்ல பெரியம்மா ஊட்டுல இருந்துக்கறயா?" ஏன் என்றேன். "கூட்டம் வரும், உனக்குச் சங்கடம்" என்றாள். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, காபி நானே போட்டுக் கொடுப்பேன் என்றேன். அடுப்பு மேடையை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்ததே நீதானே.

நீ ஒரு வார்த்தை சொல்லி வை. உன் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

தனப்பிரியா


எருமப்பட்டி
2.5.2024

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அப்பா, "செக்கப்புக்குப் போலாம் சாமி" என்று காரில் நாமக்கல் அழைத்துப் போனார். டிக்கியில் பழைய மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டோம். உடனே திரும்புவதுதானே என்று என் காற்று மெத்தையை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரைப் பார்த்தோம். திரும்பும்போது கார் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிப் பெரியம்மா வீட்டில் தங்க வைத்தார். மறுநாள் முழுவதும் அங்கேதான். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வந்து இறங்கினால், முன்வாசலில் சாய்தளம் இல்லை. சம்மட்டியால் உடைத்து, கல்லையும் மண்ணையும் பண்ணைப் பாதையில் கொட்டி நிரவிவிட்டார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த துண்டுகள் பாதை முழுக்கக் கிடக்கின்றன. வேப்பமரத்தடியில் கோலம் போட்டிருக்கிறது. பெண் வீட்டார் வந்து, வீட்டைப் பார்த்து, சாப்பிட்டு, திருப்தியாகப் போயிருக்கிறார்கள்.

என்னைப் பண்ணை ஆட்கள் தூக்கிப் படியேற்றினார்கள். தூக்குகிறவன் கை எங்கே படுகிறது என்பது தூக்கப்படுகிறவளுக்குத்தான் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இருந்தாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

உள்ளே என் பேட்டரி வண்டியைக் காணோம். பண்ணையில் தீவன ரூமில் இருந்தது. அதன்மேல் தீவன மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். என் காற்று மெத்தை சோபாவில் கிடந்தது. பெண்ணின் மாமாவுக்கு மூலமாம், அதனால் அதில் உட்கார வைத்தார்களாம். அந்த மெத்தை இல்லாமல் நான் ஒரு வேளை உட்கார்ந்தால் புண் வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். எத்தனை முறை டாக்டர் அவள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"கல்யாணம் முடியட்டும். மறுபடி கட்டிக்கலாம். செங்கல்லுதானே?"

"என்னை எங்கேன்னு சொன்ன?"

"கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல தங்கி வேலை பாக்குறான்னு சொன்னோம்."

உடைத்தது யார் தெரியுமா? கட்டிய அதே காத்தான் மேஸ்திரிதான். மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போனார். கூப்பிட்டேன். "நா என்னுங்க அம்மிணி பண்றது? ஊட்டுக்காரங்க ஒடைன்னா ஒடைக்கோணும்" என்றார்.

நீ அம்மாவுக்குப் போன் செய். செய்தது தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை சொல். வேறு எதுவும் வேண்டாம். உன் கல்யாணத்துக்காகத்தான் இதெல்லாம் நடந்தது. நீ சொன்னால்தான் எடுபடும்.

தனப்பிரியா


கேம்ப்
8.6.2024

அன்பு அம்மிணிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கேம்ப்பை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் தாமதம். இங்கே ஒரு போரில் ராடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினோம்.

உன் கடிதம் படித்து மனம் கஷ்டமாகிவிட்டது. அம்மாவும் பாவம். அவளுக்கு என்ன தெரியும்? நாலு பேர் சொல்வதைக் கேட்டுச் செய்கிறாள். கல்யாணம் ஆவணியில். அதுவரை பொறுத்துக்கொள். முடிந்ததும் கிரானைட் போட்டு இன்னும் நன்றாகக் கட்டித் தருகிறேன். அண்ணன் இருக்கும்வரை உனக்கு என்ன குறை?

மெத்தை கிழிந்திருந்தால் சொல், புதிது வாங்கி அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
சபரி


எருமப்பட்டி
19.6.2024

அண்ணனுக்கு,

மண்டி வேனில் டிரைவர் இளவழகன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நான்தான் மண்டிக்குப் போவதில்லையே. தினமும் இரண்டு பேர் தூக்கி இறக்கி, மறுபடி தூக்கி ஏற்ற அப்பாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. மண்டிக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? வேறு ஆளைப் போட்டுவிட்டார். எனக்குப் புண் வந்திருக்கிறது. பெரியதில்லை. குப்புறப் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா பாவம் என்று இருக்கிறது. கிரானைட் இருக்கிறது. ராடு சிக்கியது இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

எனக்கு ஒரே கேள்வி. உனக்கு முன்பே தெரியுமா?

தனப்பிரியா


கேம்ப்
14.7.2024

தனப்பிரியாவுக்கு,

தெரியும்.

நான்தான் சொன்னேன். அம்மா உன்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள். வாசலில் அவ்வளவு நீளத்துக்கு மஞ்சளடித்து ஒன்று கிடந்தால் எதற்கென்று கேட்க மாட்டார்களா என்று நான்தான் கேட்டேன். எடுத்துவிடுங்கள் என்றேன். போதுமா?

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, இதற்கு முன் இரண்டு இடம் வந்தது. இரண்டும் ஹாலில் உன்னைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். ஒருத்தி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "இது இவங்க வம்சத்துலயே இருக்குதோ என்னமோ" என்றாள். என் காதுபடவே. வருடத்தில் பாதிக்கு மேல் காட்டில் கிடக்கிற ரிக்காரனுக்குப் பெண் கொடுக்க ஏற்கெனவே யோசிக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தி நாலு. கூட வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன.

ஆறு வருடமாக அந்த வீட்டில் உன் வண்டி, உன் மெத்தை, உன் பாத்ரூம், உன் வாசல். ஒருநாள் எனக்காக அதை நகர்த்தி வைத்தால் என்ன? நான் உனக்கு எதைச் செய்யவில்லை?

உன் புண்ணைப் பார்த்துக்கொள். டாக்டரிடம் போ.

சபரிநாதன்


எருமப்பட்டி
1.8.2024

அண்ணனுக்கு,

புண் ஆறிவிட்டது. நீ கேட்டதற்காகச் சொல்கிறேன்.

நகர்த்தி வைத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். நகர்த்தி வைக்க அது நாற்காலி இல்லை. நான் வெளியே போகிற வழி. உன் வழியை யாராவது சம்மட்டியால் அடித்துவிட்டு, ஆவணி வரை பொறுத்துக்கொள் என்றால் பொறுப்பாயா? உன் ரிக்கைக் கொளுத்திவிட்டுப் பிறகு வாங்கிக்கொள் என்றால் சிரித்துக்கொண்டு நிற்பாயா? எனக்கு நீ செய்ததையெல்லாம் நான் மறக்கவில்லை. செய்தவனுக்கு உடைக்கும் உரிமையும் உண்டு என்று மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வெண்ணந்தூர் போனேன்.

பட்டப்பகலில், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தரையில் உட்கார்ந்து கையை ஊன்றிப் படியில் இறங்கினேன். வண்டியைப் படியின் பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லி ஆத்தாயி அக்காவிடம் கேட்டேன். பலகையைக் குறுக்கே போட்டு நகர்ந்து வண்டியில் ஏறினேன். எதிர்வீட்டார் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா, "மானம் போவுது, உள்ள வாடி" என்றாள். போகட்டும் என்றேன். இப்படித் தினமும் இறங்க முடியாது, மறுபடி புண் வரும். ஏறவே முடியாது, ஆட்கள்தான் தூக்க வேண்டும். ஆனால் ஒருநாள் இறங்கலாம். இளவழகன் முட்டைத் தட்டு ஏற்றுகிற பலகையைப் போட்டு வண்டியோடு என்னை வேனில் ஏற்றிக்கொண்டார். வெண்ணந்தூரில் லோடு இறக்கப் போகிறேன், நீங்களும் வாங்க என்று அவர்தான் சொன்னார்.

அவர்கள் வீட்டுக்கும் படி இருக்கிறது. நான் தெருவிலேயே நின்று கூப்பிட்டேன். மதுமதி வெளியே வந்தார்.

"ஆருங்க நீங்க?"

"மாப்பிள்ளையோட தங்கச்சிங்க."

"அவங்க தங்கச்சி கோயமுத்தூர்ல இல்லீங்களா இருக்கறது?"

"இல்லீங்க. எருமப்பட்டிலதான் இருக்கேன். உங்க ஊட்டுல இருந்து எல்லாரும் எங்க ஊட்டுக்கு வந்த அன்னிக்கு என்னைய வெளிய அனுப்பிட்டாங்க."

சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "பொறந்ததுல இருந்தேங்களா?" என்றார்.

"ஸ்கூட்டர்ல உளுந்தேனுங்க. வம்சத்துல எல்லாம் வராது. பயப்படாதீங்க."

அப்படி நான் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தெருவுக்கு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "நீங்க கோயமுத்தூர்ல இருக்கறதா எங்ககிட்டச் சொன்னது அவருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உன் கடிதம் என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. "அத அவரையே கேளுங்க" என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கேட்பார். பொய் சொல்வதா, உண்மை சொல்வதா என்று நீ முடிவு செய்துகொள். உன்னைக் காட்டிக்கொடுக்க நான் போகவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

தனப்பிரியா


15.8.2024

மதுமதி போன் செய்தாள். தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"உங்க தங்கச்சிக்குக் கால் வெளங்காதது எனக்குப் பெருசு இல்லீங்க. கூடப்பொறந்தவள இல்லைன்னு சொன்னவரு, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள். மறுநாள் அவள் அப்பா தரகரிடம் சொல்லிவிட்டார். பத்திரிகை அடித்தது அடித்தபடி கிடக்கிறது.

உனக்குச் சந்தோஷம்தானே?

இனிமேல் எனக்கு எழுதாதே.

சபரிநாதன்


அம்மாபேட்டை, சேலம்
10.12.2024

அண்ணனுக்கு,

நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வேண்டாமென்றால் பிரிக்காமல் போட்டுவிடு. உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

சந்தோஷமா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆனால் வருத்தமும் இல்லை. அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது நான் இல்லை.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். பட்டுநூல் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மண்டிக்காரரின் சம்பந்தி கடை. கடைவாசலில் ஒரு படி இருந்தது. இரும்புத் தகடு போட்டு வையுங்கள், அப்புறம் சேருகிறேன் என்று போனிலேயே சொன்னேன். "நாங்க தூக்கி வெச்சுக்கறோம்மா" என்றார். தூக்குவதாக இருந்தால் வரமாட்டேன் என்றேன். தகடு போட்டார். இப்போது அதில் நூல் மூட்டைத் தள்ளுவண்டியும் சுகமாக ஏறுகிறது. தனக்கே தோன்றிய யோசனை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீடு தெருவோடு சமமாக இருக்கிறது. பெருமாயி என்கிற அம்மா வீட்டுக்காரர். பாத்ரூம் கதவு குறுகல், வண்டி நுழையாது. கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுக்கொண்டேன். வாசலுக்குக் குறுக்கே பைக்கை நிறுத்துகிறவர்களோடு தினமும் சண்டை. "அஞ்சு நிமிசம்தானே அக்கா" என்கிறார்கள். அவர்களின் ஐந்து நிமிடத்தில் நான் வெயிலில் நிற்க வேண்டும். கத்துகிறேன். தெருவில் என்னைக் கோபக்காரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும், பைக்கை எடுக்கிறார்கள்.

எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அம்மா போன் செய்தாள்.

"சறுக்குக் கட்டியாச்சு அம்மிணி. பொங்கலுக்கு ஊட்டுக்கு வா."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிஜமாகவே. எங்கேம்மா கட்டியிருக்கிற, வேப்பமரத்தைச் சுற்றியா என்று கேட்டேன்.

"இல்ல, பின்னாடி. பண்ணைப் பாதையில வந்து சமையக்கட்டு வழியா ஏறிக்கலாம். ஆரு கண்ணுலயும் படாது."

போனை வைத்துவிட்டேன். ஆறு வருடம் என் முதுகைத் துடைத்து, உடம்பு கழுவி விட்டவள் அவள். அதை நான் மறந்தால் என் சோறு செரிக்காது. அதே அம்மாதான் தீவன மூட்டை ஏறுகிற வழியில் என்னை ஏறி வரச் சொல்கிறாள். அன்பில்லாமல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அன்பு இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் இருந்தால்.

முன்வாசலில் வழி இருந்தால் வருவேன். இல்லையென்றால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். இதை அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

தனப்பிரியா


எருமப்பட்டி
20.1.2025

அன்பு அம்மிணிக்கு,

அண்ணன் எழுதுவது. பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். எக்ஸ்ரே எடுத்தேன். கொஞ்சம் சளி, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

வந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கோழி எருக் குவியலை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஆள் நடக்கிற அகலம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுநாள் காத்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முன்னாடி கட்டணும் என்றேன். அவர், "நெசமாத்தானுங்களா? நாளைக்கு மறுபடி ஒடைன்னா நா வரமாட்டேனுங்க. வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். அவர் பேச்சு எனக்கு அடி மாதிரி இருந்தது. உடைக்கச் சொல்ல மாட்டேன் என்றேன்.

அம்மா, "புதுசா வந்த இடம், திருச்செங்கோட்டுக்காரங்க, தைலதான் பொண்ணுக்காக ஊடு பாக்க வாராங்க. அது முடியட்டும்" என்றாள். ஊர் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டேன். "அவங்க வந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போவட்டும். புடிக்கலைன்னா போவட்டும். இனி ஒண்ணையும் மறைக்க மாட்டேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

முதலில் கட்டிய இடத்தில் அம்மா செம்பருத்தி வைத்துவிட்டாள், அதைப் பிடுங்கவிடவில்லை. வேறு பக்கம் நீளம் போதவில்லை. அப்பாதான் வந்து நின்று பார்த்தார். "கார் ஷெட்டப் பிரிச்சுரு. கார் ரோட்டுல நிக்கட்டும்" என்றார். அவரே நூல் பிடித்தார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று நீ எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நிறையத் தாளைக் கிழித்துவிட்டேன். எழுத நினைத்ததை எழுத வரவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுக்காரர்கள் வருகிறார்கள். என் தங்கை சக்கர நாற்காலியில் இருக்கிறாள், சேலத்தில் வேலை பார்க்கிறாள், அன்றைக்கு வீட்டில் இருப்பாளா என்று தெரியாது, இருந்தால் எனக்கு நல்லது என்று அந்தப் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்,
சபரி


அம்மாபேட்டை
25.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

உன் கடிதத்தில் மன்னித்துவிடு என்று ஒரு வரி இருந்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். நல்லவேளை, இல்லை.

மேஸ்திரி போவதற்குள் சில வேலை செய்ய வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் வண்டி நின்று திரும்ப இடம் விட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் கதவைத் திறக்கும்போது நான் பின்னால் உருண்டுவிடுவேன். இரண்டு ஓரத்திலும் சக்கரம் இறங்காதபடி சின்னக் கட்டை வேண்டும். கிரானைட் ஆசையெல்லாம் வேண்டாம், மழையில் வழுக்கும். சிமெண்டையே துடைப்பத்தால் கோடு போட்டு விடச் சொல். பக்கத்தில் கைப்பிடி வேண்டும். எனக்கில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலிக்கிறது. கேட்டால் இல்லை என்பார். பின்பக்கம் கட்டியதை உடைக்க வேண்டாம். தீவனம் ஏற்றிக்கொள்ளட்டும்.

இதெல்லாம் முடிந்ததும் போட்டோ அனுப்பு. சரியாக இருந்தால் சனிக்கிழமை இளவழகன் வேனில் வந்துவிடுவேன். மறுநாள் திருச்செங்கோட்டுக்காரர்கள் வரும்போது நான் அறைக்குள் இருக்க மாட்டேன். வாசலில் இருந்து "வாங்க" என்று நான்தான் கூப்பிடுவேன். அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. அவள் பேசவில்லை என்றாலும் காது கேட்கும்.

கோபம் போய்விட்டது, அதனால் வருகிறேன் என்று நினைத்துவிடாதே. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

தங்கை,
தனப்பிரியா